கை தூக்குவது யார், எழுதுவது யார்?

தொழில்முறைச் சங்கங்களின் விதிப் புத்தகங்கள் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்லும். உறுப்பினர்கள் வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரதிநிதிகள் பேரவையிலோ ஆட்சிக்குழுவிலோ உட்கார்ந்து கொள்கையை முடிவு செய்கிறார்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அலுவலகம் அதை நிறைவேற்றுகிறது. மருத்துவர் சங்கமானாலும் பொறியாளர், நூலகர், உளவியலாளர் சங்கமானாலும் படம் இதுதான்: மேலே உறுப்பினர், நடுவில் நிர்வாகிகள், கீழே ஊழியர்கள்.

உள்ளே இருந்து பார்த்தவர்களிடம் இந்தப் படத்தைக் காட்டினால் சிரிப்பார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்பார்கள்.

நான் ஒரு சங்கத்தின் செயற்குழுவில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்கான கோப்பு வியாழக்கிழமை இரவு வரும். இருநூறு பக்கத்துக்குக் குறையாது. நாங்கள் எல்லோரும் வேறு வேலையில் இருப்பவர்கள். யார் முழுக்கப் படித்திருக்க முடியும்? ஒவ்வொரு பொருளின் கடைசியிலும் ‘அலுவலகப் பரிந்துரை’ என்று ஒரு பத்தி இருக்கும். அதை மட்டும் படிப்போம். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், அப்புறம் அடுத்த பொருள். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பத்தி எத்தனை முறை மாறியது என்று எண்ண ஒரு கை விரல்கள் போதும். ஆண்டறிக்கையில் மட்டும் ‘செயற்குழு விரிவாக விவாதித்து முடிவெடுத்தது’ என்று இருந்தது. அதையும் அலுவலகம்தான் எழுதியது.

இதில் சதி எதுவும் இல்லை, காலக் கணக்குதான். பல அமெரிக்கச் சங்கங்களில் தலைவர் பதவி ஓராண்டுக்குத்தான். அதற்கு முந்தைய ஆண்டு ‘வரவிருக்கும் தலைவர்’, அடுத்த ஆண்டு ‘முன்னாள் தலைவர்’ என்று மூன்றாண்டு ஏணி ஒன்று இருக்கும். முதல் ஆண்டு எது எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொள்வதில் போய்விடும். இரண்டாம் ஆண்டில் பாதி மாநாடுகளிலும் விழா மேடைகளிலும் கழியும். மூன்றாம் ஆண்டில் நிறைய தெரிந்திருக்கும், அதிகாரம் இருக்காது. தலைமைச் செயல் அலுவலரோ இதே நாற்காலியில் பத்து, பதினைந்து ஆண்டுகள் இருப்பார். அவர் பார்க்கும் எத்தனையாவது தலைவர் நீங்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். தலைவருக்கு ஒரு புதுத் திட்டத்தின் மேல் ஆசை வந்து, அலுவலகத்துக்கு அது பிடிக்கவில்லையென்றால் எதிர்க்கவே வேண்டியதில்லை. சாத்தியக்கூறு ஆய்வு ஒன்றைத் தொடங்கினால் போதும், ஆய்வு முடியும்போது தலைவர் மாறியிருப்பார்.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்தார். பயிற்சி பெற்ற அதிகாரிக்கு முன்னால் அரசியல் எஜமானர் எப்போதும் கற்றுக்குட்டிதான் என்பது அவர் வாதம். அவருடைய நண்பர் ராபர்ட் மிஷெல்ஸ் 1911இல் இன்னும் கறாராகச் சொன்னார்: அமைப்பு என்று ஒன்று உருவானாலே அது சிலர் கைக்குப் போய்விடும். அவர் ஆராய்ந்தது ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியை. சமத்துவத்துக்காகவே தொடங்கப்பட்ட கட்சியில்கூட அதிகாரம் மேலே குவிந்ததுதான் அவரை உறுத்தியது. ஆனால் மிஷெல்ஸ் பேசிய ‘சிலரில்’ தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களும் முழுநேர ஊழியர்களும் கலந்தே இருந்தார்கள். நம் கேள்வி அந்தச் சிலருக்குள்ளேயே யார் என்பது.

அலுவலகத்தின் கையில் இருப்பவை பார்வைக்கு மிகச் சாதாரணமானவை. முதல் வரைவு, நிகழ்ச்சி நிரல், கூட்டத் தேதி, மினிட்ஸ் எனப்படும் கூட்டக் குறிப்பு. இவற்றில் முதல் வரைவுதான் பெரிய ஆயுதம் என்பது என் எண்ணம். எழுதி வந்த ஒன்றைத் திருத்துவது எளிது, எழுதாத ஒன்றை யோசித்துக் கேட்பது கடினம். மூன்று வழிகள் தரப்பட்டால் குழு அந்த மூன்றில் ஒன்றைத்தான் விவாதிக்கும். முதலாவது செலவு தாங்காதது, மூன்றாவது ஒன்றுமே செய்யாமலிருப்பது, நடுவில் இருப்பது அலுவலகத்துக்குப் பிடித்தது. நான்காவதாக ஒரு வழி இருந்ததா என்ற கேள்வி எழுவதே அபூர்வம்.

மினிட்ஸுக்கும் இதில் ஒரு வேடிக்கையான பங்கு உண்டு. 1876இல் ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் தொகுத்து வெளியிட்ட கூட்ட நடைமுறை விதிகளைத்தான் பல சங்கங்கள் பின்பற்றுகின்றன. அதன்படி மினிட்ஸில் பதிவாக வேண்டியது என்ன செய்யப்பட்டது என்பது. யார் என்ன பேசினார் என்பதல்ல. நல்ல விதிதான், சண்டையைக் குறைக்கும். ஆனால் ஐந்தாண்டு கழித்து ‘இதை ஏன் இப்படி முடிவு செய்தோம்?’ என்று ஒரு புதிய நிர்வாகி கேட்டால் தாளில் பதில் இருக்காது. அன்று அறையில் இருந்து இன்றும் இருப்பவர் அலுவலரே. சங்கத்தின் ஞாபகம் அவர் தலைக்குள் இருக்கிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அமெரிக்க ஆலோசகர் ஜான் கார்வர் ஒரு கோடு போட்டுக் காட்டினார். 1990களில் அது பெரிதும் பரவியது. இலக்கை ஆட்சிக்குழு முடிவு செய்யட்டும், வழியை ஊழியர் பார்த்துக்கொள்ளட்டும். குழு அன்றாட வேலையில் மூக்கை நுழைக்க வேண்டாம். கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் அந்தக் கோடு நிற்பதில்லை. ‘உறுப்பினர்கள் தொடர்ந்து கற்க வேண்டும்’ என்பது இலக்கு. எந்தப் படிப்பு கணக்கில் சேரும், ஆண்டுக்கு எத்தனை மணி நேரம், யார் நடத்தலாம், கட்டணம் எவ்வளவு என்பவை வழி. சரி, ஓர் உறுப்பினரின் வாழ்க்கையைத் தொடுவது இவற்றில் எது? அவரைப் பொறுத்தவரை வழிதான் கொள்கை. இலக்கு ஒரு சுவரொட்டி.

இது உண்மையான சங்கடத்தில் கொண்டுபோய் விட்ட சம்பவங்களும் உண்டு. அமெரிக்க உளவியல் சங்கத்தில் நடந்தது அவற்றில் கனமானது. ராணுவ, உளவுத்துறை விசாரணைகளில் உளவியலாளர்கள் பங்கேற்கலாமா என்ற கேள்விக்காக 2005இல் அந்தச் சங்கம் ஒரு பணிக்குழு அமைத்தது. குழு ஜூன் மாதத்தில் சில நாள்கள் கூடி, பங்கேற்கலாம் என்று அறிக்கை தந்தது. வழக்கமாகக் கொள்கை முடிவுகள் பிரதிநிதிகள் பேரவைக்குப் போக வேண்டும். இந்த அறிக்கையோ அவசர முடிவு என்ற பெயரில் இயக்குநர் குழு அளவிலேயே சங்கக் கொள்கையாகிவிட்டது. பத்து ஆண்டு கழித்து, 2015இல், டேவிட் ஹாஃப்மன் என்ற வழக்கறிஞரின் தலைமையில் நடந்த சுதந்திர ஆய்வு நீண்ட அறிக்கை ஒன்றைக் கொடுத்தது. சங்கத்தின் நெறிமுறை அலுவலகத் தலைவரும் வேறு சிலரும் பாதுகாப்புத் துறை அதிகாரிகளோடு சேர்ந்து, துறையின் கைகளைக் கட்டிவிடாத அளவுக்கு விதிகளைத் தளர்வாக வைத்தார்கள் என்று அது முடிவுக்கு வந்தது. சம்பந்தப்பட்டவர்களில் சிலர் அதை மறுத்து வழக்கும் தொடுத்தார்கள்.

இந்தக் கதையை ‘ஊழியர்கள் ஏமாற்றினார்கள்’ என்று சுருக்கிச் சொல்லிவிடக் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அந்த அறையில் இருந்தார்கள். அறிக்கையைக் கொள்கையாக ஏற்றுக் கை தூக்கியதும் அவர்களே. இடைப்பட்ட ஆண்டுகளில் உறுப்பினர்கள் சும்மா இருக்கவும் இல்லை. 2008இல் மனுப் போட்டு, நேரடி வாக்கெடுப்பு நடத்தி, சட்டத்துக்குப் புறம்பான தடுப்பு மையங்களில் உளவியலாளர்கள் வேலை செய்யக் கூடாது என்று தீர்மானமே நிறைவேற்றினார்கள். தீர்மானம் நிறைவேறியும், விசாரணைகளில் பங்கேற்பதற்கு முழுத் தடை வரவில்லை. ஆய்வறிக்கை வந்த பிறகு தலைமைச் செயல் அலுவலரும் அவருக்கு அடுத்தவரும் ஓய்வை அறிவித்தார்கள். ஆகஸ்டில் பேரவை கூடி, தேசப் பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர்கள் பங்கேற்கத் தடை விதித்தது. எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. இப்படிக் கிட்டத்தட்ட ஏகமனதாக எடுக்கக்கூடிய முடிவுக்கு ஏன் பத்து ஆண்டு பிடித்தது?

பிரிட்டனின் நிலஅளவை, சொத்து மதிப்பீட்டு வல்லுநர்களின் அமைப்பான ராயல் இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் சார்ட்டர்டு சர்வேயர்ஸ் 1868இல் தோன்றியது. அங்கே 2018இல் பண நிர்வாகம் பற்றி ஓர் உள் தணிக்கை நடந்தது. எந்த உத்தரவாதமும் தர முடியாது என்ற மிக மோசமான மதிப்பீடு வந்தது. நிர்வாகக் குழுவின் வெளி உறுப்பினர்கள் நான்கு பேர், இது ஏன் எங்களுக்குக் காட்டப்படவில்லை என்று கேட்டார்கள். 2019இல் அந்த நான்கு பேரும் நீக்கப்பட்டார்கள். அலிசன் லெவிட் என்ற மூத்த வழக்கறிஞரின் ஆய்வறிக்கை 2021 செப்டம்பரில் வந்தது. நால்வரையும் நீக்கியது தவறு என்றது. அமைப்பின் கட்டுமானத்திலேயே பொறுப்பு யாருடையது என்பது தெளிவில்லாமல் இருந்தது, அந்த இடைவெளியில் தலைமைச் செயல் அலுவலரும் அவருடைய மேல்மட்டக் குழுவும் பெரிய கண்காணிப்பு இல்லாமல் இயங்கப் பழகிவிட்டார்கள் என்பதும் அதன் முடிவு. தலைமைச் செயல் அலுவலரோடு, அமைப்பின் தலைவர், ஆட்சிமன்றத் தலைவர், நிர்வாகக் குழுத் தலைவர் என மேல்மட்டத்தில் மற்ற மூவரும் விலகினார்கள்.

இந்தப் பட்டியலைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஊழியர் பக்கம் ஒருவர், குழுத் தலைமைகளின் பக்கம் மூவர். அதிகாரம் பறிக்கப்பட்ட இடம் என்று ஒன்றைக் காட்டுவது கடினம். அது கேட்பாரற்றுக் கிடந்தது, அருகில் இருந்தவர் எடுத்துக்கொண்டார். வேலியே பயிரை மேய்ந்தது என்று நாம் சொல்வது வழக்கம். பல சங்கங்களில் வேலி எது, பயிர் எது என்று யாரும் எழுதி வைப்பதே இல்லை.

சரி, அப்படியானால் எல்லாம் ஊழியர் ராஜ்ஜியம்தானா? அதுவும் இல்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழாசிரியராக 1924 முதல் 1949 வரை இருந்தவர் மோரிஸ் ஃபிஷ்பைன். யாரும் அவரை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. சங்கத்துக்கு 1901 முதலே பிரதிநிதிகள் சபை இருந்தது, ஆண்டுதோறும் ஒரு தலைவரும் வந்தார். ஆனாலும் பொதுமக்களுக்கு அமெரிக்க மருத்துவத்தின் குரல் என்றால் ஃபிஷ்பைன்தான். காப்பீட்டுத் திட்டங்களை எதிர்த்து அவர் எழுதியதும் பேசியதும் சங்கத்தின் நிலைப்பாடாகவே எடுத்துக்கொள்ளப்பட்டன. உறுப்பினர்களிடமும் சபையிலும் அதிருப்தி வளர்ந்து, 1949இல் அவர் பேச்சுக்குக் கட்டுப்பாடு வந்தது, ஆண்டு முடிவதற்குள் பதவியும் போனது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எழுந்து நின்றால் கால் நூற்றாண்டுக் குரலையும் நிறுத்திவிட முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. அதே சமயத்தில் அமெரிக்க அதிபர் ட்ரூமனின் தேசிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை எதிர்க்க, உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 25 டாலர் சிறப்புக் கட்டணம் கேட்ட சங்கம், விட்டேக்கர் அண்ட் பாக்ஸ்டர் என்ற கலிஃபோர்னிய விளம்பரப் பிரசார நிறுவனத்தை அமர்த்தியது. வாக்குப் பெறாத ஒரு குரல் போக, வாக்குப் பெறாத இன்னொரு குரல் வந்து உட்கார்ந்தது. மருத்துவர்களுக்கு நேரமில்லையே!

அதே காலத்தில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் செயலாளராக இருந்த சார்ல்ஸ் ஹில்லும் சம்பளம் வாங்கும் அலுவலர்தான். போர்க்காலத்தில் வானொலி மருத்துவராக வீடுதோறும் அறிமுகமான குரல். சங்க ஆட்சிமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் தனியே இருந்தார். இருந்தும், எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் அரசுத் திட்டமான தேசிய மருத்துவச் சேவை பற்றி அமைச்சர் அனைரின் பெவனோடு நடந்த வாக்குவாதத்தில் மக்கள் நினைவில் நின்ற முகங்களில் ஹில்லுடையது முக்கியமானது. 1948 பிப்ரவரி வாக்கெடுப்பில் மருத்துவர்கள் பெருவாரியாகத் திட்டத்தை எதிர்த்தார்கள். பெவன் சில விட்டுக்கொடுத்தல்கள் செய்ததும் மே மாதத்தில் எதிர்ப்பு கரைந்தது. ஜூலை 5 அன்று சேவை தொடங்கியது. இங்கே அலுவலர் உறுப்பினர்களை மீறினார் என்று சொல்ல இடமில்லை. உறுப்பினரின் கோபம் இருக்கும்வரை அவர் குரல் ஓங்கியிருந்தது, கோபம் தணிந்ததும் அதுவும் இறங்கியது. அலுவலரின் பலம் பல சமயம் இப்படிக் கடன் வாங்கிய பலம்.

பெரிய விவகாரங்களைவிட, ஒரு பிற்பகலில் போடப்படும் கையெழுத்துகள்தான் எனக்கு அதிகம் கவலை தருகின்றன. 2019 டிசம்பரில் அமெரிக்கப் பதிப்பாளர்கள் வெள்ளை மாளிகைக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகளின் கட்டுரைகளை உடனே இலவசமாக்கும் திட்டம் வருவதாகப் பேச்சு. அதை எதிர்க்கும் கடிதம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட பதிப்பகங்களும் அறிவியல் சங்கங்களும் கையெழுத்திட்டிருந்தன. கணினி வல்லுநர்களின் சங்கமான ஏசிஎம்மும் அதில் இருந்தது. தங்கள் கட்டுரைகள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று நினைக்கும் ஆய்வாளர்கள் நிறைந்த சங்கம் அது. உறுப்பினர்கள் பலர் செய்தி பார்த்துத்தான் தெரிந்துகொண்டு கொதித்தார்கள். கடிதம் அனுப்பும் அவகாசம் எப்போதும் குறுகியது, ஆட்சிக்குழு கூடும் நாள் எப்போதும் தொலைவில் இருப்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் உருவாகும் கொள்கைக்கு மினிட்ஸ் கிடையாது.

இதழ் வருமானம் சங்கங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தால் இந்த மாதிரிக் கையெழுத்துகள் புதிராக இருக்காது. பல பெரிய சங்கங்கள் சந்தாவை மட்டும் நம்பி நடப்பவை அல்ல. மாநாடு, இதழ், சான்றிதழ்த் தேர்வு, பயிற்சி என்று பணம் வரும் வழிகள் வேறு. ஊழியர் சம்பளம் அந்த வழிகளில் இருக்கிறது. அலுவலகம் கெட்ட எண்ணத்தோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தன் வீட்டுக் கூரையைக் கழற்றும் யோசனைக்கு யாரும் உற்சாகமாக முதல் வரைவு எழுதமாட்டார்கள், அவ்வளவுதான்.

ஊழியரும் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் தவிர மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. விதிப் புத்தகத்தில் பெயரில்லாத கூட்டம். இருபது ஆண்டுகளாக ஏதாவது ஒரு துணைக்குழுவில் இருந்துகொண்டே இருப்பவர்கள்: பதவி மாறும், ஆள் மாறமாட்டார். வேட்பாளர் பரிந்துரைக் குழு பெரும்பாலும் இவர்கள் கையில். அடுத்த தலைவர் யார் என்பதை இவர்களும் அலுவலரும் ஒரு தேநீர் இடைவேளையில் பேசி முடித்துவிடுவார்கள். உறுப்பினருக்கு வரும் வாக்குச்சீட்டில் பெயர்கள் அச்சாகியிருக்கும். ஊழியர் ஆட்சி என்று நாம் புலம்புவதில் ஒரு பகுதி உண்மையில் இந்த நிரந்தரத் தன்னார்வலர்களின் ஆட்சி.

இதெல்லாம் தவிர்க்கவே முடியாதது என்று மிஷெல்ஸ் நினைத்தார். அவருக்கு எதிர்ச்சாட்சியாக வழக்கமாகக் காட்டப்படுவது அமெரிக்க அச்சுக்கோப்பாளர் சங்கம். அது தொழிற்சங்கம்தான், தொழில்முறைச் சங்கம் அல்ல. சீமூர் லிப்செட்டும் இரண்டு சக ஆய்வாளர்களும் 1956இல் அதைப் பற்றி எழுதினார்கள். அங்கே நிரந்தரமாக இரண்டு கட்சிகள் இருந்தன. பதவியில் இருந்தவர்கள் தோற்றார்கள், மறுபடி அச்சுக்கூடத்துக்கே வேலைக்குப் போனார்கள். கௌரவமான கைத்தொழில் என்பதால் திரும்பிப் போவது பெரிய இறக்கமாக இல்லை. எதிர்க்கட்சி இருந்ததால் நடப்பு நிர்வாகத்தின் காகிதங்களைத் துருவிப் படிக்க எப்போதும் ஒரு கூட்டம் இருந்தது. தொழில்முறைச் சங்கங்களில் இந்த இரண்டாவது கட்சி அநேகமாக எங்குமே இல்லை. எல்லா வேட்பாளரும் ‘உறுப்பினர் நலன், இளைஞர் பங்கேற்பு’ என்றே எழுதுகிறார்கள். யாருக்கு வாக்களித்தாலும் அலுவலகத்துக்குக் கவலை இல்லை.

எதிர்க்கட்சி இல்லாத இடத்தில் நேரடி வாக்கெடுப்பு அந்த வேலையைக் கொஞ்சம் செய்கிறது. மின், மின்னணுப் பொறியாளர் சங்கமான ஐஇஇஇயின் இயக்குநர் குழு 2016இல் தன் அமைப்பு விதியையே மாற்ற ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அது கட்டமைப்பை மாற்றும் அதிகாரத்தை உறுப்பினரிடமிருந்து குழுவுக்கு நகர்த்திவிடும் என்று உள்ளேயே பலர் எதிர்த்துப் பிரசாரம் செய்தார்கள். தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை, திருத்தம் விழுந்தது. உறுப்பினர்களால் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. வேண்டும் என்று ஒன்றைத் தொடங்கி, எழுதி, மூன்று ஆண்டு தள்ளிக்கொண்டு போவதுதான் அவர்களுக்கு முடிவதில்லை. அதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் வேண்டியிருக்கிறது.

என் இரண்டாம் ஆண்டில் ஒரு கூட்டத்தில் அந்த ‘அலுவலகப் பரிந்துரை’ப் பத்தியைக் காட்டி, நீங்கள் யோசித்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கிய வழிகள் என்னென்ன என்று கேட்டேன். குறை சொல்லும் நோக்கத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியவில்லை. அலுவலர் கொஞ்சம் யோசித்தார். அடுத்த கூட்டத்துக்கு நான்கு பக்கம் கொண்டுவந்து வைத்தார். புதிதாக எழுதியதில்லை, தேதி பார்த்தால் எட்டு மாதம் பழையது. ‘இதுவரை யாரும் கேட்டதில்லை சார்’ என்றார். அன்று அந்த ஒரு பொருளுக்கே ஐம்பது நிமிடம் ஆனது. கடைசியில் அவருடைய பரிந்துரைதான் நிறைவேறியது, ஓர் உட்பிரிவு மட்டும் மாறி.